கண்ணா, டார்கெட்டிங் பாடா, கோஆர்டினேட்டா? தரையிலக்கை அடிக்க எதை முதலில் கற்பது

டிசிஎஸ் வேர்ல்ட் என்ற போர்விமான சிமுலேட்டரில் தரைத் தாக்குதலுக்கு இறங்குபவர்கள் முதலில் கேட்பது, எந்தக் குண்டு குறி தவறாமல் விழும் என்பதைத்தான். ஏ-10சியா, எஃப்-16சியா, எஃப்/ஏ-18சியா என்ற கேள்வியும் கடைசியில் இதில்தான் வந்து நிற்கும். என்னைக் கேட்டால், அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது: இலக்கு இருக்கும் இடம் உங்களுக்கு எப்படித் தெரியவரப் போகிறது? கண்ணால் பார்த்தா, விமானத்தில் மாட்டும் டார்கெட்டிங் பாட் என்ற கேமரா-லேசர் கருவியில் தேடியா, யாராவது கோஆர்டினேட் (அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள்) கொடுத்தா? இதற்குப் பதில் கிடைத்துவிட்டால் குண்டைத் தேர்ந்தெடுப்பது பெரிய வேலையில்லை. குண்டை முதலில் தேர்ந்தெடுத்தால், அதைச் சுமந்துகொண்டு வட்டமடித்து, எரிபொருள் தீர்ந்து, குண்டோடு தளத்துக்குத் திரும்புவதுதான் பெரும்பாலும் நடக்கும்.

என் பரிந்துரையை இப்போதே சொல்லிவிடுகிறேன். சிசிஐபி முறையில், அதாவது கண்ணால் குறிபார்த்து, சாதாரணக் குண்டு போடக் கொஞ்ச நாள் பழகுங்கள். பிறகு முழு மூச்சாக டார்கெட்டிங் பாடையும் லேசர் குண்டையும் கற்றுக்கொள்ளுங்கள். கோஆர்டினேட்டை நம்பிப் போகும் ஜிபிஎஸ் குண்டான ஜேடாம் மூன்றாவதாக வரட்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஜேடாம் சுலபம் என்பதால் அங்கிருந்து ஆரம்பிக்கிறார்கள். சுலபம் என்பது உண்மைதான். ஆனால் அது தேடக் கற்றுத் தராது.

உயரம் போடும் கணக்கு

எந்த முறை சரிவரும் என்பதை முதலில் முடிவு செய்வது தரையில் இருக்கும் எதிரிதான். ஷில்கா வண்டியின் நான்கு குழல் பீரங்கி சுமார் 2.5 கிலோமீட்டர் வரை பயமுறுத்தும். தோளில் வைத்துச் சுடும் இக்லா ஏவுகணை, வண்டியில் வரும் ஸ்ட்ரெலா-10, துங்குஸ்கா ஆகியவை ஏறத்தாழ 3.5 கிலோமீட்டர் உயரம் வரை எட்டும். ஆகவே 15,000 அடிக்கு மேல், அதாவது நாலரை கிலோமீட்டருக்கு மேல் பறந்தால் இவற்றின் தொல்லை இல்லை. ஓசா ஏவுகணை மட்டும் 5 கிலோமீட்டர் வரை வரும்; அது இருக்கும் இடத்தில் இன்னும் மேலே போக வேண்டும். தரையின் உயரத்தையும் மறக்கக் கூடாது. மலைமேல் நிற்கும் இக்லாவுக்கு அந்த மலையின் உயரமும் கூடுதல் பலம்.

உயரே போனால் உயிர் பிழைக்கும், கண் தோற்கும். ஒரு டி-72 டாங்கியின் உடல் நீளம் சுமார் 7 மீட்டர். 1920 பிக்சல் அகலமுள்ள திரையில், 80 டிகிரி பார்வைக் கோணத்தில், 5 கிலோமீட்டர் தொலைவிலிருந்து பார்த்தால் அந்த டாங்கி இரண்டு பிக்சல்கூடத் தேறாது. ஜூம் செய்து கோணத்தை 25 டிகிரிக்குக் குறுக்கினால் ஆறு பிக்சல் கிடைக்கும். காட்டுப் பச்சைப் பின்னணியில் ஆறு பச்சைப் பிக்சல்கள். உங்கள் பார்வையில் எந்தக் குறையும் இல்லை, கணக்கே அப்படித்தான். வண்டிகளின் மேல் பெயர் காட்டும் லேபிளைப் போட்டுக்கொண்டு பறப்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், ஆனால் லேபிள் இல்லாத சர்வரில் ஏறும் நாளில் இந்த இரண்டு பிக்சல்தான் எதிரே நிற்கும்.

ஆக, ஒப்பிட வேண்டியது இதுதான்: கீழே இறங்கிக் கண்ணை நம்புவதா, மேலே நின்று கேமராவை நம்புவதா, அல்லது பார்க்காமலேயே எண்களை நம்புவதா.

கண்ணும் சிசிஐபியும்

சிசிஐபி என்பது, இந்த நொடியில் பட்டனை அழுத்தினால் குண்டு எங்கே விழும் என்பதை விமானியின் கண்ணுக்கு முன்னால் உள்ள ஹட் கண்ணாடியில் ஒரு புள்ளியாகக் காட்டும் முறை. அந்தப் புள்ளிதான் பிப்பர். இலக்கின் மேல் பிப்பர் வந்ததும் அழுத்த வேண்டியது, அவ்வளவுதான். கேட்க எளிது. செய்யும்போது, பிப்பரை இலக்கின் மேல் பிடித்து வைக்க மூக்கை மேலும் கீழும் ஆட்டுவதில்தான் எல்லாம் கெடும். இலக்குக்குச் சற்று முன்னால் பிப்பரை வைத்து, இறக்கைகளை மட்டமாக்கி, டைவ் கோணத்தை மாற்றாமல் விட்டால் பிப்பர் தானாக மேலே ஊர்ந்து இலக்கைத் தொடும். கை செய்ய வேண்டிய வேலை பக்கவாட்டுத் திருத்தம் மட்டுமே.

30 டிகிரி டைவ், 450 நாட் வேகம், 6,000 அடியில் குண்டை விடுகிறீர்கள் என்று வையுங்கள். குண்டு தரையைத் தொட 11 நொடி ஆகும். அதற்குள் அது இரண்டு கிலோமீட்டருக்கு மேல் முன்னே போய்விடும். அரை டிகிரி பக்கவாட்டில் பிசகினாலே கிட்டத்தட்ட 20 மீட்டர் தள்ளி விழும். லாரி என்றால் சேதம் ஆகலாம். டாங்கி என்றால், டிசிஎஸ்ஸில் 500 பவுண்டு எம்கே-82 அவ்வளவு தள்ளி வெடித்தால் ஒன்றும் ஆகாது. டைவ் செங்குத்தாக ஆக ஆக பிசகு குறையும். ஆனால் மீண்டு எழும்ப உயரம் தேவைப்படும்.

இந்த முறையின் பெரிய பலம், தேடுவதும் அடிப்பதும் ஒரே பார்வையில் நடப்பது. கண்ணில் பட்ட நொடியிலிருந்து குண்டு விழும் வரை திரையில் எதையும் நோண்ட வேண்டியதில்லை. தரையிலிருந்து விமானத்துக்கு வழிகாட்டும் ஜேடிஏசி வெள்ளைப் புகை போட்டுவிட்டு "புகைக்கு வடக்கே 200 மீட்டர்" என்றால், அதைவிட வேகமாக வேலையை முடிக்க வேறு வழியே கிடையாது. பலவீனம் என்னவென்றால், அந்தப் புகையோ, புழுதியோ, சுடும் டிரேசரோ இல்லாமல் நிற்கும் வண்டியைக் கண் கண்டுபிடிப்பது அரிது. கண்டுபிடிக்கும் அளவுக்கு இறங்கினால் ஷில்காவின் எல்லைக்குள் வந்துவிடுவீர்கள்.

ஐஎல்-2 ஸ்டுர்மோவிக் வரிசை விளையாட்டுகளில் இந்த வழியைத் தவிர வேறு வழியே இல்லை என்பதால், கண்ணால் தேடும் பழக்கம் அங்கே நன்றாக வளரும். யு-87 ஸ்டூக்காவின் தரையில் ஒரு ஜன்னல் உண்டு; இலக்கு அதில் தெரிந்து நழுவும்போது கவிழ்ந்து டைவ் அடிக்க வேண்டும். பக்கக் கண்ணாடியில் வரைந்திருக்கும் சாய்கோடுகளை அடிவானத்தோடு பொருத்தினால் டைவ் கோணம் தெரியும். கம்ப்யூட்டர் எதையும் காட்டாத அந்தக் காலத்தில், குறி பிசகாமல் இருக்கச் செங்குத்தாக விழுவதுதான் ஒரே வழி. சோவியத் தரப்பு வேறு வழியில் போனது: 1943 ஜூலையில் கூர்ஸ்க் போரில் ஐஎல்-2 விமானங்கள் பிடாப் என்ற சின்னஞ்சிறு குண்டுகளைக் கொத்தாகக் கொட்டின. ஒவ்வொரு குண்டும் துல்லியமாக விழ வேண்டிய தேவையே இல்லாமல் செய்தார்கள். இன்று ஏ-10சியில் சிபியு-97 கொத்துக்குண்டு தூக்குபவர்கள் செய்வதும் ஏறக்குறைய அதேதான்.

சிசிஆர்பி பற்றி ஒரு வார்த்தை. ஒரு புள்ளியைக் குறித்துவிட்டு, மட்டமாகப் பறந்து, பட்டனை அழுத்திப் பிடித்திருந்தால் நேரம் வந்ததும் விமானமே குண்டை விடும். 15,000 அடியில் 450 நாட்டில் விட்டால் குண்டு அரை நிமிடம் விழும், சுமார் 7 கிலோமீட்டர் முன்னே போகும். இடையிலுள்ள காற்று மேலே ஒரு மாதிரி, கீழே ஒரு மாதிரி வீசினால் விமானத்தின் கணக்கு பிசகும். கட்டடம், ஓடுபாதை, கிடங்கு என்றால் சரி. ஒற்றை வண்டிக்கு வேண்டாம்.

டார்கெட்டிங் பாடும் லேசர் குண்டும்

லைட்னிங் என்ற டார்கெட்டிங் பாட் கையில் இருந்தால் 15,000 அடிக்கு மேல் நிம்மதியாக நின்று தேடலாம். இருந்தும், பாடை வாங்கியும் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை என்று புலம்புபவர்கள் ஏராளம். காரணம், நெருங்கிய ஜூமில் வைத்துக்கொண்டு நிலப்பரப்பைத் துழாவுவது. சாவித் துவாரம் வழியாக வயலைப் பார்த்து ஊசியைத் தேடுவதற்கு ஒப்பானது அது.

தேடலை ஓர் உதாரணத்தோடு சொல்கிறேன். காக்கசஸ் வரைபடம் டிசிஎஸ்ஸோடு இலவசமாக வருவதால் யாரும் செய்து பார்க்கலாம். ஜுக்திதி ஊரிலிருந்து எங்குரி ஆற்றுப் பக்கம் கவச வண்டிகள் போகின்றன என்று பிரீஃபிங் சொல்கிறது; அதற்குமேல் தகவல் இல்லை. முதலில் வரைபடத்தைத் திறந்து அந்தச் சாலை ஆற்றைக் கடக்கும் பாலத்தில் ஒரு வேபாயின்ட் (வழிப்புள்ளி) வையுங்கள். பாடை அந்த வேபாயின்டுக்குத் திருப்பி, அகலப் பார்வையில் வையுங்கள். திரையில் பாலம் தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் ஏதோ தப்பு. அதைச் சரிசெய்யாமல் மேலே போகாதீர்கள். பாலம் தெரிந்ததும் வட திசைக் குறியைப் பார்த்து, ஊர் எந்தப் பக்கம் என்று மனதில் பதித்துக்கொள்ளுங்கள். நீங்கள் வட்டமடிக்கும்போது படமும் சுழன்றுகொண்டே இருக்கும். இந்த ஒரு படியை விட்டவர்கள் ஆற்றின் தப்பான கரையில் தேடிக்கொண்டிருப்பார்கள்.

இப்போது பாலத்திலிருந்து சாலையைப் பிடித்துக்கொண்டு ஊரை நோக்கி நகருங்கள். ஒரு பார்வை அகலம் நகர்த்தி, நிறுத்தி, கேமரா அந்த இடத்தையே பிடித்து நிற்கும் ஏரியா டிராக்கில் வைத்து, அதற்குப் பிறகு பாருங்கள். நகர்த்திக்கொண்டே பார்த்தால் நிற்கும் வண்டி கண்ணில் படாது. தேட வேண்டியது வண்டியின் வடிவத்தை அல்ல, ஒழுங்கை: சம இடைவெளியில் நான்கைந்து புள்ளிகள் வரிசையாக இருந்தால் அது மரமாக இருக்க வாய்ப்பு குறைவு. சந்தேகம் வந்தால் சூடு வெள்ளையாகத் தெரியும் படத்தைச் சூடு கறுப்பாகத் தெரியும்படி மாற்றிப் பாருங்கள். ஒன்றில் மறைந்தது இன்னொன்றில் துருத்திக்கொண்டு நிற்கும். நெருங்கிய ஜூம் இதற்கெல்லாம் பிறகுதான், அது என்ன வண்டி என்று உறுதி செய்ய மட்டும். ஒன்றும் கிடைக்காவிட்டால் அதே சாலையை வட்டத்தின் இன்னொரு பக்கத்திலிருந்து, 90 டிகிரி தள்ளிப் பாருங்கள். சாலையோர மரவரிசை ஒரு கோணத்தில் மறைப்பதை மற்றொரு கோணத்தில் காட்டிக்கொடுத்துவிடும்.

கண்டுபிடித்த பிறகு, பாடின் லேசர் படும் இடத்தை நோக்கிப் போகும் ஜிபியு-12 குண்டைப் போடுவது சிக்கலானதல்ல, இரண்டு விஷயங்களைக் கவனித்தால். குண்டின் லேசர் குறியீட்டு எண்ணும் பாடின் குறியீட்டு எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். டிசிஎஸ்ஸில் வழக்கமான எண் 1688. இரண்டாவது, லேசரை எப்போது அடிப்பது என்பது. ஜிபியு-12 அடங்கும் பேவ்வே-2 வகைக் குண்டின் துடுப்புகள் மெல்லத் திரும்பத் தெரியாதவை. திரும்பினால் முழுதாகத் திரும்பும். விட்ட நொடியிலிருந்தே லேசர் காட்டினால் குண்டு ஓயாமல் திருத்தம் செய்து வேகத்தை இழந்து, இலக்குக்கு முன்னாலேயே விழக்கூடும். கடைசி பத்து நொடி காட்டினால் போதும். அந்தப் பத்து நொடியும் பாடுக்கு இலக்கு தெரிய வேண்டும். குண்டை விட்டதும் பதற்றத்தில் விமானத்தைச் சடாரென்று புரட்டினால் இறக்கையோ உடலோ நடுவில் வந்து மறைத்துவிடும். இலக்கைப் பக்கவாட்டில் வைத்து மெதுவாகத் திரும்புங்கள்.

மெதுவாக ஓடும் வண்டியையும் கேமரா வண்டியையே பின்தொடரும் பாயின்ட் டிராக்கில் பூட்டி இதே குண்டால் அடிக்கலாம். அடித்தது விழுந்ததா என்று அதே திரையில் அப்போதே பார்த்துவிடலாம். இது சின்ன விஷயமல்ல: எரிந்துபோன டாங்கியின் மேல் இரண்டாவது குண்டை வீணாக்குபவர்கள் நிறையப் பேர்.

குறை, மேகம். உண்மைப் போரிலும் இதே கதைதான். வியட்நாமில் தான் ஹோவா பாலத்தை 1965 முதல் நூற்றுக்கணக்கான முறை பறந்து தாக்கியும் சாய்க்க முடியவில்லை. 1972 ஏப்ரல் 27 அன்று லேசர் குண்டுகளோடு போனார்கள். மேகம் மூடியிருந்ததால் அவற்றைப் பயன்படுத்தவே முடியவில்லை. மே 13 அன்று வானம் விட்டுக்கொடுத்தது, எஃப்-4 பேன்டம்கள் போட்ட லேசர் குண்டுகளில் பாலம் விழுந்தது. சிமுலேட்டரில் மிஷன் வானிலையைப் பார்க்காமல் நாலு ஜிபியு-12 ஏற்றிக்கொண்டு கிளம்பினால் அந்த ஏப்ரல் நிலைமைதான். இன்னொரு குறை, ஒரு லேசருக்கு ஒரு நேரத்தில் ஒரே இலக்கு. ஆறு வண்டி என்றால் ஆறு தடவை. நேரம் ஆகும்.

கோஆர்டினேட்டும் ஜேடாமும்

1991 வளைகுடாப் போரில் மேகமும் புகையும் லேசர் குண்டுகளை முடக்கிய அனுபவத்திலிருந்து பிறந்ததுதான் ஜேடாம். 1999-இல் கொசோவோ போரில் பி-2 விமானங்கள் முதன்முதலாகப் போரில் பயன்படுத்தின. சாதாரணக் குண்டுக்கு ஜிபிஎஸ் வால் ஒன்று மாட்டியிருக்கும். கோஆர்டினேட்டைக் கொடுத்து, எல்லைக்குள் வந்ததும் விட்டுவிட்டுத் திரும்பிவிடலாம். மேகம் பொருட்டல்ல, ஒரே சுற்றில் நாலு ஜிபியு-38 ஜேடாம்களை நாலு வெவ்வேறு இடத்துக்கு அனுப்பலாம். நிலையான இலக்கு, சரியான எண் கையில் இருக்கிறது என்றால் மற்ற எதையும் யோசிக்கவே வேண்டாம், இதைத்தான் எடுக்க வேண்டும்.

ஆனால் அந்த எண் எங்கிருந்து வரும்? எதிரியைக் காட்டும் வரைபடம் திறந்திருக்கும் மிஷனில் அங்கிருந்து எடுக்கலாம். ஜேடிஏசி சொல்லலாம். இரண்டும் இல்லையென்றால் நீங்களே பாடில் தேடிக் குறிக்க வேண்டும், அப்போது திரும்பவும் முந்தைய பகுதிக்குத்தான் வந்து சேர்கிறீர்கள். பாடை முதலில் கற்கச் சொல்வதற்கு என் முக்கியக் காரணம் இதுதான். பாடில் தேடத் தெரிந்தவர் அதே குறியை ஜேடாமுக்குக் கொடுக்கலாம், மேவரிக் ஏவுகணையை அதே இடத்துக்குத் திருப்பலாம், சிசிஆர்பிக்கும் பயன்படுத்தலாம். ஜேடாம் மட்டும் தெரிந்தவருக்கு எண் வராவிட்டால் செய்ய ஒன்றுமில்லை.

எண்ணைத் தட்டும்போது வடிவத்தைக் கவனியுங்கள். 41 டிகிரி 36 நிமிடம் 50 நொடி என்பதும் 41 டிகிரி 36.50 நிமிடம் என்பதும் ஒன்றல்ல. அரை நிமிடம் என்றால் 30 நொடி. வித்தியாசம் 20 நொடி, தரையில் 600 மீட்டருக்கு மேல். குண்டு மிகத் துல்லியமாக, யாருமே இல்லாத இடத்தில் விழும். டிசிஎஸ் வரைபடத்தில் இடது ஆல்ட்டையும் ஒய்-யையும் சேர்த்து அழுத்தினால் வடிவம் மாறும். உங்கள் விமானம் எந்த வடிவத்தைக் கேட்கிறதோ அதில் நிறுத்திவிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். உயரத்தையும் விடாதீர்கள். குண்டு 60 டிகிரி சாய்வில் வரும்போது தரை உயரத்தில் 30 மீட்டர் தப்பென்றால் கிட்டத்தட்ட 17 மீட்டர் தள்ளி விழும். சமவெளியில் இது தெரியாது. மலைப்பக்கம் போனால்தான் ஏன் எல்லாமே தள்ளித் தள்ளி விழுகிறது என்று குழம்புவீர்கள்.

நகரும் வண்டிக்கு ஜேடாம் உதவாது. குண்டு கிளம்பும்போது வண்டி இருந்த இடத்தில் போய் வெடிக்கும்.

மற்றவை

ஓடும் வண்டிகளை ரேடாரின் ஜிஎம்டி முறை காட்டும், மேகம் இருந்தாலும் காட்டும். ஆனால் அது வெறும் புள்ளி. நண்பனா எதிரியா, டாங்கியா பஸ்ஸா என்று சொல்லாது. பாடை எந்தப் பக்கம் திருப்பலாம் என்பதற்கு ஒரு துப்பாக மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. மேவரிக் அதன் வகையில் அருமையான ஆயுதம்: பூட்டு, சுடு, திரும்பு. மேலே வட்டமடிக்க விடாத எதிரி இருக்கும் இடத்தில் லேசர் குண்டைவிட இது நல்லது. ஓசா எட்டும் உயரத்துக்குள் யாரும் அதைச் சுற்றி வட்டமடிக்க முடியாது.

காசு போடாமல் தொடங்க நினைப்பவர்களுக்கு எஸ்யு-25டி இருக்கிறது, டிசிஎஸ்ஸோடு இலவசமாக வருகிறது. அதன் ஷ்க்வால் கேமரா 23 மடங்கு பெரிதாக்கிக் காட்டும், 16 விக்கர் ஏவுகணைகளைத் தூக்கும். ஒரே சங்கடம், கேமரா மூக்கில் இருப்பதால் பக்கவாட்டில் 35 டிகிரிக்கு மேல் திரும்பாது. வட்டமடித்துக்கொண்டு தேட முடியாது. இலக்கை நோக்கி நேராகப் பறந்துகொண்டே தேட வேண்டும், நெருங்கிவிட்டால் திரும்பி ஓடி மறுபடி வர வேண்டும். இந்த அவசரமே நல்ல பயிற்சி என்று நினைக்கிறேன். சாலையையும் பாலத்தையும் முன்பே வரைபடத்தில் படித்துவிட்டு வராதவருக்கு இந்த விமானத்தில் எதுவும் கிடைக்காது.

பழகும் முறை

ரெடிமேட் பயிற்சி மிஷன்களில் இலக்கு எப்போதும் ஒரே இடத்தில் இருக்கும். இரண்டாவது தடவையே நீங்கள் தேடுவதில்லை, நினைவிலிருந்து போகிறீர்கள். மிஷன் எடிட்டரில் ஒவ்வொரு குழுவுக்கும் அது தோன்றுவதற்கான வாய்ப்பைச் சதவீதமாகக் கொடுக்கலாம். ஜுக்திதிக்கும் எங்குரிக்கும் இடையே எட்டு இடங்களில் சின்னச் சின்னக் குழுக்களை வையுங்கள்: சிலவற்றைத் திறந்த சாலையில், சிலவற்றை மரவரிசையை ஒட்டி, ஒன்றிரண்டை ஊருக்குள் வீடுகளுக்கு நடுவே. ஒவ்வொன்றுக்கும் 25 சதவீதம் கொடுங்கள். வரைபடத்தில் எதிரி தெரிவதையும் லேபிளையும் அணைத்துவிடுங்கள். சராசரியாக இரண்டு குழுக்கள் இருக்கும், எவை என்று உங்களுக்கே தெரியாது. பத்தில் ஒரு தடவை எதுவுமே இருக்காது. ஆரம்பத்தில் குண்டே ஏற்றாமல் பாடோடு மட்டும் போய், எத்தனை வண்டி, எங்கே என்று குறித்துக்கொண்டு வாருங்கள். இறங்கிய பிறகு அந்தப் பறப்பின் பதிவைத் திறந்து சரிபாருங்கள். விடுபட்டவை பெரும்பாலும் மரவரிசைக்குப் பக்கத்தில் நின்றவையாகத்தான் இருக்கும். அவை தட்டுப்படத் தொடங்கியதும் ஜிபியு-12 ஏற்றுங்கள், கூடவே இரண்டு குழுக்களில் ஆளுக்கொரு ஸ்ட்ரெலா-10 சேர்த்துவிடுங்கள்.